2018 ஹர்லிங் சீசன்: மூன்றாம் இடத்திலிருந்து கோப்பைக்கு வந்த லிமெரிக்

"ஹர்லிங் பார்க்கிற ஐரிஷ்காரர்கள் 2018 என்றாலே உணர்ச்சிவசப்பட்டு விடுகிறார்களே, அந்த வருடம் அப்படி என்னதான் நடந்தது? ஆட்டமே தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி யாராவது சொல்ல முடியுமா?" என்பது கேள்வி.

இரண்டு விஷயங்கள் நடந்தன. போட்டியை நடத்தும் முறையை அந்த வருடம் மாற்றினார்கள். 45 வருடமாகக் கோப்பையைத் தொடாத லிமெரிக் என்ற கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அதே வருடம் ஜெயித்தது. பெரும்பாலானவர்கள் இரண்டாவதைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் லிமெரிக் எப்படி ஜெயித்தது என்பது முழுசாகப் புரியும். யார் எந்த வாரம் ஆடினார்கள், யாருக்கு ஓய்வு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது அந்தக் கோடையின் முடிவில் பெரிய பங்கு வகித்தது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒரு பக்கத்துக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செய்த, அடிப்பக்கம் அகன்ற மட்டை. அதன் பெயர் ஹர்லி. பந்தின் பெயர் ஸ்லிட்டர். உள்ளே தக்கை, மேலே தோல், எடை 110 முதல் 120 கிராம். மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம், கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது. பந்தைத் தரையில் வைத்தும் அடிக்கலாம், பறக்கும்போதும் அடிக்கலாம், கையால் பிடிக்கலாம், மட்டையின் நுனியில் ஏந்திக்கொண்டே ஓடவும் செய்யலாம். ஹாக்கி மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் பத்து நிமிடம் இது அடிதடி மாதிரிதான் தெரியும். 2010 முதல் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

கோல் கம்பங்கள் எச் எழுத்து வடிவத்தில் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. கம்பிக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி. ஸ்கோரைக் கூட்டி எழுத மாட்டார்கள், கோலையும் மேலே போனதையும் தனித்தனியாக எழுதுவார்கள். 3-16 என்றால் 3 கோல், 16 ஒற்றைப் புள்ளி, மொத்தம் 25. கீழே வரும் ஸ்கோர்களை எல்லாம் இப்படித்தான் படிக்க வேண்டும். பெரிய ஆட்டங்கள் 70 நிமிடம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். இதில் ஆடுகிற யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர், விவசாயி, வங்கி ஊழியர், கல்லூரி மாணவர் என்று அவரவர் வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போவார்கள். வீரரை விலைக்கு வாங்கும் வழக்கமும் இல்லை. பெரும்பாலும் பிறந்து வளர்ந்த ஊரின் கிளப்புக்கு ஆடுவார்கள், அங்கிருந்து தங்கள் கவுன்டி அணிக்குப் போவார்கள். 1884-ல் தர்லெஸ் என்ற சிற்றூரில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம்தான் இதையெல்லாம் நடத்துகிறது. அதனால் ஒரு கவுன்டி தோற்றால் காசு கொடுத்து ஆள் எடுத்துச் சரிக்கட்ட முடியாது. அடுத்த தலைமுறை வளரும்வரை காத்திருக்க வேண்டும். லிமெரிக் அப்படித்தான் காத்திருந்தது.

இப்போது முறை மாற்றம். மேல்மட்ட ஹர்லிங் அயர்லாந்தின் இரண்டு மாகாணங்களில்தான் உயிரோடு இருக்கிறது: தெற்கே மன்ஸ்டர், கிழக்கே லின்ஸ்டர். மேற்கில் கான்னக்ட் மாகாணத்தில் கால்வே ஒன்றுதான் பலமான அணி, ஆடுவதற்கு எதிராளி இல்லை. அதனால் 2009 முதல் அவர்களும் லின்ஸ்டரில் ஆடுகிறார்கள். பழைய முறையில் மாகாணப் போட்டி நாக்-அவுட். தோற்றவர்களுக்குப் பின்வாசல் வழியாக இன்னொரு வாய்ப்பு உண்டு என்றாலும், ஆறேழு மாதம் பயிற்சி எடுத்த ஒரு அணி கோடையில் இரண்டே ஆட்டம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போவது சர்வசாதாரணம். பெரிய ஆட்டங்கள் பொதுவான மைதானங்களில் நடக்கும். சொந்த ஊரில் சொந்த ஜனம் முன்னால் ஆடுவது அபூர்வம்.

2017 செப்டம்பரில் சங்கத்தின் சிறப்பு மாநாடு இதை மாற்றியது. மாகாணத்துக்கு 5 அணிகள், எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை ஆட வேண்டும். இரண்டு ஆட்டம் சொந்த மைதானத்தில், இரண்டு வெளியில். முதல் இரண்டு இடம் மாகாண இறுதிக்கு. அதில் ஜெயித்தவர் நேரே அகில அயர்லாந்து அரையிறுதிக்கு, தோற்றவர் காலிறுதிக்கு. மூன்றாம் இடத்துக்கு ஒரு முதற்கட்ட ஆட்டம், அதில் ஜெயித்தால் காலிறுதி. நான்காவதும் ஐந்தாவதும் வீட்டுக்கு. கிளப் ஆட்டங்களுக்கு நேரம் விடுவதற்காக, செப்டம்பரில் நடந்துவந்த இறுதி ஆட்டத்தையும் ஆகஸ்டுக்கு இழுத்தார்கள். இதற்குப் பழமைவாதிகளிடமிருந்து நிறையப் புலம்பல் வந்தது. பள்ளி திறந்த பிறகு வரும் செப்டம்பர் ஞாயிறுதான் ஹர்லிங் இறுதி என்று தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் அவர்கள்.

லின்ஸ்டரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நடப்பு சாம்பியன் கால்வே. 2017-ல் வாட்டர்ஃபோர்டை 0-26, 2-17 என்று வென்று 1988-க்குப் பிறகு முதல் முறையாகக் கோப்பை வாங்கியிருந்தார்கள். மீஹால் டனஹூ பயிற்சியில் உயரமான, பலசாலியான அணி. நான்கு ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். கில்கென்னி இரண்டாவது, வெக்ஸ்ஃபோர்ட் மூன்றாவது. டப்ளின் நெருங்கி நெருங்கிப் போய்த் தோற்றது. கடைசி இடம் ஆஃபலி. 1981-லிருந்து 1998-க்குள் நான்கு முறை அகில அயர்லாந்து பட்டம் வென்ற கவுன்டி அது. கடைசிப் பட்டத்துக்குச் சரியாக 20 வருடம் கழித்து இரண்டாம் அடுக்குக்குத் தள்ளப்பட்டது. ஆஃபலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், லிமெரிக்கின் கதையில் அவர்களுக்கு ஓர் இடம் உண்டு.

மன்ஸ்டர்தான் அந்த வருடத்தின் அடுப்பு. கார்க், கிளேர், லிமெரிக், டிப்பரேரி, வாட்டர்ஃபோர்ட். ஐந்தில் எதையும் லேசான அணி என்று சொல்ல முடியாது. சீசன் தொடங்கும்போது பலரும் டிப்பரேரிதான் பலமான அணி என்றார்கள். 2016-ல் சாம்பியன், வசந்தத்தில் நடக்கும் லீக்கிலும் இறுதிவரை போனவர்கள். மே 20 அன்று லிமெரிக்கின் கேலிக் கிரவுண்ட்ஸ் மைதானத்துக்கு வந்து 2-14, 1-23 என்று தோற்றார்கள். மறுவாரம் தர்லெஸில் கார்க்குடன் டிரா. அதற்கு மறுவாரம் வாட்டர்ஃபோர்டுடன் ஆட்டம், அதில்தான் அந்த வருடத்தின் மிகப் பெரிய சர்ச்சை.

வாட்டர்ஃபோர்டின் சொந்த மைதானமான வால்ஷ் பார்க் தகுதியாக இல்லை என்று அவர்களின் 'சொந்த' ஆட்டங்களை வெளியூரில் வைத்தார்கள். புதிய முறையின் முழு அழகே சொந்த மண்ணில் ஆடுவதுதான், அது கிடைக்காமல் போன ஒரே அணி இது. ஜூன் 3 அன்று லிமெரிக்கில் டிப்பரேரியை எதிர்த்து நன்றாகவே முன்னிலையில் இருந்தார்கள். டிப்பரேரி அடித்த ஒரு பந்து கோல் வாயில் இறங்கியது. வாட்டர்ஃபோர்டின் ஆஸ்டின் கிளீசன் அதைக் கோட்டருகே பிடித்தார். கோல் கம்பத்தருகே நிற்கும் நடுவர் கோல் என்று கொடுத்துவிட்டார். மறுஒளிபரப்பில் பந்து கோட்டைத் தாண்டியதாகத் தெரியவில்லை. இந்த 'பேய் கோல்' டிப்பரேரிக்கு உயிர் கொடுத்தது, ஆட்டம் 2-22, 1-25 என்று டிராவில் முடிந்தது. முந்தைய வருடம் இறுதியில் ஆடிய வாட்டர்ஃபோர்ட் இந்த வருடம் ஒரு வெற்றிகூட இல்லாமல், ஒரே ஒரு டிராவோடு கடைசி இடத்தில் முடிந்தது. காயங்கள் வேறு. பயிற்சியாளர் டெரெக் மக்ரா விலகினார்.

பேய் கோலால் தப்பித்த டிப்பரேரிக்கும் அது உதவவில்லை என்பதுதான் வேடிக்கை. ஜூன் 10, தர்லெஸ், எதிரே கிளேர். டிப்பரேரி முன்னிலையில் இருக்கும்போது இளம் வீரர் ஜேக் மாரிஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது வலைக்குள் போயிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். திரும்பிய பந்தை எடுத்துக்கொண்டு கிளேர் மறுமுனைக்கு ஓடியது, இயன் கால்வின் கோல் அடித்தார். கிளேர் 1-23, டிப்பரேரி 1-21. சில விநாடிகளில் ஒரு கவுன்டியின் கோடை முடிந்து இன்னொன்றின் கோடை தொடங்கியது. டிப்பரேரி நான்கு வாரம் தொடர்ந்து ஆடியிருந்தது, நடுவில் ஒரு வார இறுதிகூட ஓய்வில்லை. வாட்டர்ஃபோர்டுக்கும் அதே கதி. சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர்களிடம் இப்படி நான்கு வாரம் கேட்பது நியாயமா என்று அப்போதே கேட்டார்கள். எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. அந்த இரண்டு அணிகள்தான் கடைசி இரண்டு இடத்தில் முடிந்தன என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

லிமெரிக்குக்கு அட்டவணை கொஞ்சம் கனிவு காட்டியது. முதல் ஆட்டத்துக்குப் பிறகு ஒரு வாரம் ஓய்வு. ஜூன் 2 அன்று கார்க் போனார்கள். ஏரன் கிலேன் முதல் பாதியிலேயே வெளியேற்றப்பட, மிச்ச நேரம் 14 பேரோடு ஆடி 0-28, 1-25 என்று டிரா செய்தார்கள். இந்த அணியில் ஏதோ இருக்கிறது என்று நிறையப் பேருக்கு முதலில் தோன்றிய நாள் அது. வாட்டர்ஃபோர்டை 2-26, 1-16 என்று நொறுக்கினார்கள். பிறகு ஜூன் 17 அன்று என்னிஸ் நகரத்தின் கியூசக் பார்க்கில் கிளேரிடம் 11 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கினார்கள்: 0-26, 0-15. நெருக்கியடித்து உட்காரும் சின்ன மைதானம், வெயில், மஞ்சள் நீலச் சட்டைகள். மைதானமே அவர்களை விழுங்கிய மாதிரி இருந்தது.

மன்ஸ்டர் பட்டியலின் கடைசிக் கணக்கில் கார்க்கும் கிளேரும் 6 புள்ளி, லிமெரிக் 5, டிப்பரேரி 2, வாட்டர்ஃபோர்ட் 1. கார்க், கிளேர், லிமெரிக் மூன்றும் சொந்த மண்ணில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மூன்றாம் இடம் லிமெரிக்குக்கு. மாகாண இறுதியில் கார்க் கிளேரை 2-24, 3-19 என்று வென்றது. கார்க்கின் பேட்ரிக் ஹோர்கன் அடிக்கும் ஃப்ரீ (எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் அடி) ஒவ்வொன்றும் கம்பங்களுக்கு நடுவே போன கோடை அது. ஜூலை தொடங்கும்போது, இந்த வருடம் கார்க் அல்லது கால்வே என்றுதான் பேச்சு.

லிமெரிக் ஆட்களுக்கோ எதிர்பார்க்கவே பயம். காரணம் உண்டு. அகில அயர்லாந்து சாம்பியனுக்குக் கொடுக்கும் லியம் மக்கார்த்தி கோப்பையை முதன்முதலில், 1921-ஆம் வருடப் போட்டிக்காக, வாங்கிய அணியே லிமெரிக்தான். 1930-களில் மிக் மக்கி என்ற வீரரின் காலத்தில் அவர்கள்தான் ராஜா. 1973-ல் கில்கென்னியை வென்று ஏழாவது பட்டம். அதற்குப் பிறகு 1974, 1980, 1994, 1996, 2007 என்று ஐந்து இறுதி ஆட்டங்கள், ஐந்திலும் தோல்வி.

அதில் 1994 தான் ஆறாத புண். ஆஃபலியுடன் இறுதி. சுமார் ஐந்து நிமிடம் இருக்கும்போது லிமெரிக் 5 புள்ளி முன்னிலை. ஆஃபலிக்கு ஒரு ஃப்ரீ கிடைத்தது. ஜானி டூலி அதை நேராக வலைக்குள் அடித்தார். அடுத்த நிமிடத்துக்குள் இன்னொரு கோல். அதோடு நிற்காமல் ஒற்றைப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக. மிச்சமிருந்த நேரத்தில் ஆஃபலி 2-5 அடித்து, 3-16, 2-13 என்று ஜெயித்துவிட்டது. முன்னிலையில் இருக்கும் லிமெரிக்கை நம்பாதே என்ற பாடம் அந்த நாளிலிருந்து அந்த ஊரின் எலும்புக்குள் இறங்கியது. அந்த ஆஃபலி தரமிறங்கிய வருடத்தில்தான் லிமெரிக் மேலே வந்தது. ஒரு கதாசிரியர் இப்படி எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பார்கள்.

2018-ல் ஆடிய பையன்களுக்கு 1994 ஞாபகமே கிடையாது. பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். 21 வயதுக்கு உட்பட்டோர் அகில அயர்லாந்து பட்டத்தை லிமெரிக் 2015-லும் 2017-லும் வென்றிருந்தது, அந்தப் பையன்கள்தான் இப்போது பெரிய அணியில். ஜே.பி. மக்மனஸ் என்ற அந்த ஊர்க் கோடீஸ்வரரின் பணம் கவுன்டிக்குப் பின்னால் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளித் தலைமை ஆசிரியரான ஜான் கைலி மேலாளர். பால் கினர்க் களப் பயிற்சியாளர். மனநலப் பயிற்சிக்குக் கரோலின் கரிட். அந்த வசந்தத்தில் லீக்கில் கால்வேயை அவர்கள் மண்ணிலேயே, பின்தங்கிய நிலையிலிருந்து வந்து வென்று, பல வருடம் கழித்து மேல் பிரிவுக்கு ஏறியிருந்தார்கள். ஆகஸ்டில் நடக்கப்போவதற்கு அது முன்னோட்டம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

மூன்றாம் இடத்துக்கான முதற்கட்ட ஆட்டம் ஜூலை 7, கார்லோவில். இரண்டாம் அடுக்குப் போட்டியான ஜோ மக்டோனா கோப்பையை அப்போதுதான் வென்றிருந்த கார்லோ அணி, பரிசாகக் கிடைத்த ஆட்டத்தில் 5-22, 0-13 என்று நசுங்கியது. வாழ்நாள் கொண்டாட்டத்தில் இருக்கும் அணியை ஒரு வாரத்துக்குள் கூட்டிவந்து இப்படி அடிவாங்கவைக்கும் ஏற்பாடு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. லிமெரிக்குக்கு அது நல்ல பயிற்சி, அவ்வளவுதான்.

அதற்குள் கிழக்கே ஒரு விஷயம் நடந்தது. ஜூலை 1 லின்ஸ்டர் இறுதியில் கால்வேயும் கில்கென்னியும் 0-18, 0-18 என்று டிரா. ஒரு வாரத்தில் தர்லெஸில் மறு ஆட்டம். கால்வே 1-28, 3-15 என்று ஜெயித்தது. தோற்ற கில்கென்னி அடுத்த ஞாயிறே, ஜூலை 15, லிமெரிக்கை எதிர்த்துக் காலிறுதி ஆட வேண்டும். மூன்று ஞாயிறு தொடர்ச்சியாக மூன்று பெரிய ஆட்டம். ஆனால் பிரையன் கோடி மேலாளராக இருந்த கில்கென்னி எந்த நிலையிலும் சும்மா விடாது. கடைசிக் கட்டத்தில் ஒரு கோல் அடித்து முன்னிலைகூடப் பெற்றார்கள். பழைய லிமெரிக்காக இருந்தால் அங்கேயே சரிந்திருக்கும். இவர்கள் பதறாமல் தூரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கம்பிக்கு மேலே அனுப்பி 0-27, 1-22 என்று ஜெயித்தார்கள். சாம்பியன்ஷிப்பில் கில்கென்னியை லிமெரிக் வென்றது 1973-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. கோப்பையை வென்றது ஆகஸ்டில்தான் என்றாலும், பழைய பயம் போன நாள் ஜூலை 15 என்பது என் எண்ணம்.

ஜூலை கடைசி வார இறுதி. ஹர்லிங் ரசிகர்கள் இன்றும் பேசுவது இதைத்தான். சனி, ஞாயிறு என்று இரண்டு அரையிறுதிகள், இரண்டும் டப்ளினின் குரோக் பார்க்கில், இரண்டும் கூடுதல் நேரத்துக்குப் போயின.

சனிக்கிழமை கால்வேயும் கிளேரும். கால்வே ஆரம்பத்திலேயே 9 புள்ளி முன்னே போய்விட்டது. ஆட்டம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் கிளேர் கோல்ம் கால்வினைப் பின்னால் இழுத்துத் தடுப்புக்கு முன் ஒரு கூடுதல் ஆளாக நிறுத்தியது. அந்த ஒரு மாற்றத்தில் கால்வேயின் நீண்ட பந்துகள் எல்லாம் அவர் கையில் விழத் தொடங்கின. கிளேர் துரத்திப் பிடித்தது. கூடுதல் நேரமும் முடிந்து 1-30, 1-30. ஆகஸ்ட் 5 தர்லெஸில் மறு ஆட்டம். அதில் கால்வே 2-17, கிளேர் 1-19. ஒரே புள்ளி. கடைசி நேரத்தில் கிளேரின் ஏரன் ஷனஹர் அடித்த பந்து கம்பத்தில் பட்டது. ஜூன் மாதம் டிப்பரேரியின் கம்பம் கொடுத்ததை ஆகஸ்டில் அதே மைதானத்தின் கம்பம் திருப்பி எடுத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை லிமெரிக்கும் கார்க்கும். என் கணக்கில் அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டம் இதுதான், இறுதி ஆட்டம் அல்ல. கார்க்குக்கு மன்ஸ்டர் இறுதிக்குப் பிறகு நான்கு வாரம் இடைவெளி, லிமெரிக்குக்கு இரண்டு. நேரம் முடிய பத்து நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது கார்க் 6 புள்ளி முன்னே இருந்தது. அப்போது கைலி பெஞ்சிலிருந்து ஆட்களை இறக்கினார். ஷேன் டௌலிங், பேட் ரயன் என்று வந்தவர்கள் எல்லாம் புதுக் கால்களோடு ஓட, சில நிமிடங்களில் முன்னிலை கரைந்தது. காயம் முதலியவற்றால் வீணான நேரத்துக்காகக் கடைசியில் சேர்க்கும் நிமிடங்களில் கார்க்கின் ஷேமஸ் ஹார்னெடி கோல்கீப்பரின் முன்னால் தனியாக நின்று மட்டையை ஓங்கினார். லிமெரிக் கோல்கீப்பர் நிக்கி குவெய்ட் பாய்ந்து, ஹர்லியின் நுனியால் அந்தப் பந்தை ஹார்னெடியின் மட்டையிலிருந்தே தட்டிவிட்டார். உடம்பை இடிக்கவில்லை, மட்டையை அடிக்கவில்லை, பந்தை மட்டும். ஒரு விநாடி தாமதித்திருந்தால் கோல், அல்லது பெனால்டி. சாதாரண வேகத்தில் பார்த்தால் ஹார்னெடி தவறவிட்ட மாதிரிதான் தெரியும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்பது புரியும்.

1-27, 2-24 என்று சமநிலை. கூடுதல் நேரத்தில் டௌலிங் ஒரு பெனால்டியைக் கோலாக்கினார், ரயன் இன்னொரு கோல் அடித்தார். லிமெரிக் 3-32, கார்க் 2-31. இரண்டு அணிகளும் சேர்ந்து 78 புள்ளி. கார்க்கின் முதல் 15 பேர் லிமெரிக்கின் முதல் 15 பேருக்குக் கொஞ்சமும் இளைத்தவர்கள் அல்ல. 16-லிருந்து 20 வரையான ஆட்களில்தான் வித்தியாசம் இருந்தது. வாரம் தவறாமல் ஆட்டம் வரும் புதிய முறையில் பெஞ்சின் ஆழம்தான் முடிவு செய்யும் என்பதை முதலில் புரிந்துகொண்ட அணி லிமெரிக். 2018-ல் நடந்த மாற்றத்தின் சாரம் இது என்று சொல்வேன்.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 19, குரோக் பார்க், 82,300 பேர். லிமெரிக்குக்கு மூன்று வாரம் ஓய்வு, எட்டாவது ஆட்டம். கால்வேக்கு இரண்டு வாரம், ஒன்பதாவது ஆட்டம். அதில் இரண்டு மறு ஆட்டங்கள், ஒரு கூடுதல் நேரம். சோர்வு தெரிந்தது. லிமெரிக் பையன்கள் கால்வேயின் உயரமான ஆட்களை மூச்சு விடாமல் நெருக்கினார்கள். நிறைய பந்துகளை வீணாகவும் அடித்தார்கள், வாய்ப்பைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால் இடைவேளையிலேயே கதை முடிந்திருக்கும். கிரேம் மல்காஹி முதல் கோல். இரண்டாம் பாதியில் டாம் மாரிசி பறித்த பந்தோடு உள்ளே ஓடி இரண்டாவது. பெஞ்சிலிருந்து வந்த டௌலிங் மூன்றாவது. நேரம் முடியப்போகும்போது லிமெரிக் 8 புள்ளி முன்னே.

8 நிமிடம் கூடுதல் என்று பலகை காட்டியது. கானர் வீலன் கால்வேக்கு ஒரு கோல் அடித்தார். ஜோ கேனிங் ஒரு ஃப்ரீயை வலைக்குள் அனுப்பினார். 1994-ஐ நேரில் பார்த்தவர்கள் அரங்கத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அன்று லிமெரிக்கின் சரிவைத் தொடங்கிவைத்ததும் இதே மாதிரி ஒரு ஃப்ரீ கோல்தான். வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி ஆனது. கடைசியாகக் கால்வேக்கு இன்னொரு ஃப்ரீ, இந்த முறை வெகு தூரத்தில், தங்கள் பாதியிலிருந்து. அதைக் கம்பிக்கு மேலே அனுப்பினால் டிரா. நூறு மீட்டருக்கு மேல் அடிக்கக்கூடியவர் கேனிங், முந்தைய வருடம் அரையிறுதியில் பக்கக் கோட்டருகிலிருந்து கடைசி நேரத்தில் அடித்து டிப்பரேரியை வெளியேற்றியவர். பந்து போனது, கொஞ்சம் குறைந்தது, கோல் வாயில் இறங்கியது. மாற்று வீரராக வந்த டாம் காண்டன் கூட்டத்துக்கு நடுவே அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். விசில். லிமெரிக் 3-16, கால்வே 2-18.

டெக்லன் ஹேனன் கோப்பையைத் தூக்கினார். கைல் ஹேஸ் ஆட்ட நாயகன், வருடத்தின் சிறந்த வீரர் விருது கியன் லின்ச்சுக்கு. ஆறு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி, மாகாணத்தில் மூன்றாம் இடம். அப்படி ஒரு கணக்கோடு சாம்பியன்.

அதிர்ஷ்டமா என்று கேட்டால், கொஞ்சம் உண்டு. களைத்த கில்கென்னி, மறு ஆட்டங்களில் இழுபட்ட கால்வே, என்னிஸ் தோல்விக்குப் பிறகு கிடைத்த மூன்று வாரம் எல்லாம் அவர்கள் பக்கம் விழுந்தன. ஆனால் அடுத்து வந்ததைப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்ற பேச்சு நிற்காது. 2019-ல் அரையிறுதியில் கில்கென்னியிடம் ஒரு புள்ளியில் தோற்றார்கள். பிறகு 2020, 2021, 2022, 2023 என்று நான்கு வருடம் தொடர்ந்து கோப்பை. அந்த அரையிறுதி ஞாயிறு வெற்றி கைநழுவிய கார்க்குக்கு 2005-க்குப் பிறகு 2025 வரை பட்டம் இல்லை. 2018-க்குப் பிறகு மட்டும் 2021, 2024, 2025 என்று மூன்று இறுதிகளில் தோற்றிருக்கிறார்கள். குவெய்டின் அந்தத் தட்டலைக் கார்க் நண்பர்களிடம் ஞாபகப்படுத்தாமல் இருப்பது நல்லது. டிப்பரேரி மறு வருடமே சாம்பியன். கிளேர் 2024-ல், கார்க்கை ஒரு புள்ளியில், கூடுதல் நேரத்தில் வென்று எடுத்தது. புதிய முறையும் சில திருத்தங்களோடு இன்றுவரை நிற்கிறது. 2018 நவம்பரில் யுனெஸ்கோ ஹர்லிங்கை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு இந்தக் கோடை காரணம் இல்லை, விண்ணப்பம் முன்னமே போயிருந்தது. ஆனால் நேரம் பொருத்தமாக அமைந்தது.

பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால் நேராக இறுதி ஆட்டத்துக்குப் போகாதீர்கள். முதலில் லிமெரிக்–கார்க் அரையிறுதியின் கடைசிப் பத்து நிமிடமும் கூடுதல் நேரமும். அடுத்து டிப்பரேரி–கிளேர் ஆட்டத்தில் பந்து கம்பத்தில் படும் இடம். பிறகு 1994 இறுதியின் கடைசி ஐந்து நிமிடம். அதைப் பார்த்த கையோடு 2018 இறுதியைப் போடுங்கள். கூடுதல் 8 நிமிடத்தில் லிமெரிக் கூட்டத்தின் முகங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு எந்த வர்ணனையும் தேவைப்படாது.